எம்பிசி 2000எக்ஸ்எல் பாடல்களை வேறு சாம்ப்ளருக்கு மாற்றுவது: எதை அப்படியே கொண்டுபோகலாம்?

மேற்கட்டை

நண்பர்களே, என்னுடைய பழைய அகாய் சாம்ப்ளர் (ஒலித்துண்டுகளைப் பதிந்து, பேடுகளைத் தட்டி வாசிக்கும் கருவி) எம்பிசி 2000எக்ஸ்எல்லில் பல வருடங்களாகச் சேர்ந்த பாடல்கள் இருக்கின்றன. சில முடிந்தவை, பல பாதியில் நிற்பவை. கருவியை விற்கும் எண்ணம் இல்லை, ஆனால் இனிமேல் அதை மேடைக்குத் தூக்கிப்போகப் போவதில்லை. வீட்டு வேலைக்கு அகாயின் புதிய எம்பிசி ஒன் வந்துவிட்டது. மேடைக்கு எலெக்ட்ரானின் முதல் பதிப்பு டிஜிடாக்ட்.

நான் கேட்பது இதுதான். ப்ரோக்ராம் (எந்தப் பேடில் எந்தச் சத்தம் என்ற அமைப்பு), சீக்வென்ஸ் (பதிந்த அடிகளின் வரிசை), சாம்பிள் (ஒலித்துண்டு) மூன்றும் சேர்ந்து அப்படியே புதிய கருவியில் திறக்க வழி உண்டா? இல்லையென்றால் எதை விட்டுக்கொடுப்பது? எனக்கு முக்கியம் தாளத்தின் நடை. அது மாறிவிட்டால் மாற்றியதில் பயனே இல்லை.

ஒலித்தடம்

ஸ்டெம் எடுத்துவிடுங்கள். கிக் தனி, ஸ்நேர் தனி, ஹாட் தனி, பேஸ் தனி, சாம்பிள் லூப் தனி என்று ஒவ்வொன்றையும் 24 பிட் வேவ் கோப்பாகக் கணினியில் பதிவு செய்யுங்கள். எந்தக் கருவியும் வேவ் கோப்பைப் படிக்கும். உங்களுக்கு முக்கியமான நடை அதற்குள்ளேயே இருக்கும். ஃபில்டர், என்வலப், பிட்ச் எதையும் மறுபடி அமைக்க வேண்டாம்.

ப்ரோக்ராம் மாற்றும் மென்பொருள்களோடு போராடி நாட்களைக் கழித்த பிறகும் "ஏதோ ஒன்று குறைகிறதே" என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். முடிந்த பாடலைப் பிரித்து மறுபடி கட்டுவது வீண் வேலை.

பழையவட்டு

முடிந்த பாடலுக்கு ஒலித்தடம் சொன்னது சரி. பாதியில் நிற்கும் பாடலை ஸ்டெம்மாக எடுத்தால் அது அந்த நிலையிலேயே உறைந்துவிடும். ஸ்நேரை இரண்டு அடி தள்ளிப் போட வேண்டும் என்று நாளை தோன்றினால் வழியில்லை. மேற்கட்டை, முதலில் உங்கள் பாடல்களை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். இன்னும் எழுதப்போவது ஒரு பக்கம், இனி வாசிக்க மட்டும் போவது மறுபக்கம். இரண்டுக்கும் வழி வேறு.

இப்போது கோப்புகளைப் பற்றி. 2000எக்ஸ்எல் ஒரு பாடலை ஒரே கோப்பாக வைப்பதில்லை. சீக்வென்ஸ்களும் சாங் வரிசையும் ஆல் கோப்பில் இருக்கும். ப்ரோக்ராம்களும் மிக்சர் அமைப்பும் ஏபிஎஸ் கோப்பில். சாம்பிள்கள் ஒவ்வொன்றும் தனித்தனி எஸ்என்டி கோப்பு. ஏபிஎஸ்ஸுக்குள் ஒலி கிடையாது, சாம்பிளின் பெயர் மட்டும்தான் உண்டு. அந்தப் பெயரில் எஸ்என்டி கிடைக்காவிட்டால் பேட் ஊமையாகிவிடும்.

பலர் வழுக்கும் இடமும் இதுதான். எக்ஸ்எல் சாம்பிளுக்கு 16 எழுத்து வரை பெயர் வைக்க விடும். கார்டில் எழுதும்போது முதல் 8 எழுத்தை வழக்கமான இடத்திலும், மீதி 8 எழுத்தைக் கோப்பு அட்டவணையில் சும்மா கிடக்கும் பைட்களிலும் அகாய் தன் வழியில் எழுதுகிறது. கணினிக்கு அந்த இரண்டாம் பாதி தெரியாது. கார்டைக் கணினியில் போட்டு நகல் எடுத்தால் பெயர் 8 எழுத்தோடு நின்றுவிடும். ப்ரோக்ராம் 16 எழுத்துப் பெயரைத் தேடும், கோப்பு 8 எழுத்துப் பெயரோடு நிற்கும். கோப்பு இருந்தும் காணவில்லை என்று வரும்.

இதைத் தவிர்க்க, நகல் எடுக்கும் முன் எக்ஸ்எல்லிலேயே எல்லாச் சாம்பிளுக்கும் 8 எழுத்துக்குள் பெயர் மாற்றிச் சேமித்துவிடுங்கள். ஒரே மாதிரி தொடங்கும் பெயர்கள் இருந்தால் இன்னும் கவனம். முதல் எட்டு எழுத்து ஒன்றாக இருக்கும் இரண்டு ஸ்நேர்களைக் கணினியில் பிரித்தறிவது கஷ்டம்.

இன்னொன்று. எக்ஸ்எல் சாம்பிளை வேவ் வடிவிலும் சேமிக்கும். எம்பிசி ஒன்னுக்குப் போவதென்றால் எஸ்என்டியும் பழைய பிஜிஎம்மும் (ஒற்றை ப்ரோக்ராம் கோப்பு) திறக்கும், ஆகவே முதலில் அப்படியே முயலுங்கள். டிஜிடாக்டுக்கு வேவ்தான் வேண்டும். ஆகவே இரண்டு நகலும் எடுத்து வைப்பது நல்லது.

மேற்கட்டை

நன்றி பழையவட்டு. 8 எழுத்து விஷயம் எனக்குப் புதிது, இன்றே பெயர்களை மாற்றத் தொடங்குகிறேன். சீக்வென்ஸ்களை மிடி கோப்பாக (ஒலி இல்லாமல் அடிகளின் தகவல் மட்டும் உள்ள கோப்பு) சேமித்து எம்பிசி ஒன்னில் திறந்தால் ஸ்விங் அப்படியே வருமா? இல்லை, அங்கே போய் மறுபடி 62 சதவீதம் என்று அமைக்க வேண்டுமா?

நிழல்தாளம்

மறுபடி அமைக்காதீர்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் முழுக் கேள்வியும் இதில்தான் இருக்கிறது.

எக்ஸ்எல் ஒரு கால் சுரத்தை 96 டிக்காகப் பிரிக்கிறது. அப்படியென்றால் பதினாறாம் சுரம் ஒன்றுக்கு 24 டிக். ஸ்விங் என்பது இரண்டு பதினாறாம் சுரங்கள் சேர்ந்த 48 டிக்கில் இரண்டாவது அடி எங்கே விழ வேண்டும் என்ற கணக்கு. 50 சதவீதம் என்றால் 24இல், நேராக. 66 என்றால் 32 பக்கம், கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. 75 என்றால் 36.

62 சதவீதத்தைக் கணக்குப் போட்டால் 29.76 வரும். டிக்கைப் பின்னமாக உடைக்க முடியாது, ஆகவே அடி 29இலோ 30இலோதான் விழும். எதில் என்று ஸ்டெப் எடிட் திரையில் உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.

எம்பிசி ஒன்னில் கால் சுரத்துக்கு 960 டிக். அங்கே 62 சதவீதம் வைத்தால் 480இல் 298ஆவது இடம். பழைய கருவியில் அடி 30இல் இருந்திருந்தால் அதற்கு நிகரான இடம் 300. 90 பிபிஎம்மில் இந்த 2 டிக் வித்தியாசம் சுமார் 1.4 மில்லி விநாடி. சிறியதுதான். பழைய அடி 29இல் இருந்திருந்தால் நிகரான இடம் 290, அப்போது வித்தியாசம் 8 டிக், அதாவது சுமார் 5.6 மில்லி விநாடி. ஹாட்டும் ஷேக்கரும் சேர்ந்து ஓடும் இடத்தில் இது காதில் படும்.

நல்ல செய்தி என்னவென்றால், எக்ஸ்எல்லில் ஸ்விங் என்பது வாசிக்கும் நேரத்தில் மேலே பூசப்படும் விஷயம் இல்லை. டைமிங் கரெக்ட் என்ற வசதி அடியைப் பிடித்து அந்த டிக்கிலேயே எழுதிவிடுகிறது. ஆகவே மிடி கோப்பாக எடுக்கும்போது ஸ்விங் அதற்குள்ளேயே இருக்கும். 96ஐப் பத்தால் பெருக்கினால் 960, மீதியே வராது. ஒவ்வொரு அடியும் பழைய இடத்திலேயே துல்லியமாக உட்காரும். திறந்தபின் குவாண்டைஸ் (அடிகளைக் கட்டத்துக்கு இழுக்கும் வசதி) பக்கம் போகாமல் இருந்தால் போதும்.

மிடி கோப்பில் வராதது நோட் வேரியேஷன். எக்ஸ்எல்லில் ஸ்லைடரை வைத்து ஒவ்வொரு அடிக்கும் பிட்ச், டிகே (ஒலி தேயும் நேரம்), ஃபில்டர் மாற்றிப் பதிந்திருந்தால் அந்தத் தகவல் வேறு கருவிக்குப் புரியாது. ஹாட்டின் டிகே அடிக்கு அடி மாறும் பாடல்களில் அந்த ஒரு தடத்தை மட்டும் ஆடியோவாகப் பதிந்துவிடுங்கள்.

மோனோ_போதும்

டிஜிடாக்ட் பகுதிக்கு நான் வருகிறேன், அதில்தான் தினமும் வேலை.

முதலில் எல்லைகள். முதல் டிஜிடாக்டில் 8 ஆடியோ தடம், எல்லாம் மோனோ. ஒரு பேட்டர்ன் 64 ஸ்டெப், அதாவது பதினாறாம் சுரக் கணக்கில் 4 பார். ஒரு ப்ராஜெக்ட்டுக்கு 64 எம்பி நினைவகம். 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் மோனோவில் இது சுமார் 11 நிமிட ஒலி. மிடி கோப்பை உள்ளே போட வழியே இல்லை. ஆகவே "திறப்பது" என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை, மறுபடி எழுதத்தான் வேண்டும்.

ஆனால் நிழல்தாளம் சொன்ன கணக்கில் ஒரு அருமையான பொருத்தம் இருக்கிறது. எலெக்ட்ரான் கருவிகளில் மைக்ரோ டைமிங்கின் (அடியை ஸ்டெப்பிலிருந்து சற்றே நகர்த்தும் வசதி) மிகச் சிறிய அளவு முழுச் சுரத்தில் 384இல் ஒரு பங்கு. முழுச் சுரம் என்றால் நான்கு கால் சுரம், எக்ஸ்எல்லில் 4 பெருக்கல் 96, அதுவும் 384. எக்ஸ்எல்லின் ஒரு டிக்கும் டிஜிடாக்டின் ஒரு மைக்ரோ டைமிங் நகர்வும் ஒரே அளவு! ஸ்டெப்புக்கு முன்னும் பின்னும் 23 வரை நகர்த்தலாம். எக்ஸ்எல்லில் பதிந்த எந்த அடியையும் அதே டிக்கில் வைக்கலாம், எதுவும் இழக்காது.

செய்யும் முறை: எக்ஸ்எல்லின் ஸ்டெப் எடிட்டில் அடியின் இடம் பார், பீட், டிக் என்று மூன்று எண்ணாகத் தெரியும். டிக் எண் 54 என்றால் 48 கழித்து, மூன்றாவது ஸ்டெப், அதிலிருந்து 6 தள்ளி. 78 என்றால் நான்காவது ஸ்டெப்பிலிருந்து 6 தள்ளி. ட்ரிக்கை (ஸ்டெப்பில் வைத்த அடியை) அழுத்திப் பிடித்து வலது அம்பை அத்தனை முறை தட்டுங்கள். நீளமான வேலைதான். ஆனால் பெரும்பாலான தாளங்களில் இரண்டு பார்தான் உண்மையில் புதிது, மீதியெல்லாம் அதன் நகல். கையால் செய்து முடித்துவிடலாம்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, மைக்ரோ டைமிங்கால் ஸ்விங்கைக் கொண்டுவந்தபின் பேட்டர்னின் ஸ்விங்கைத் தொடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் அடி இரட்டிப்பாகத் தள்ளும். இன்னொன்று, ஒரு தடத்தில் ஒரு ஸ்டெப்புக்கு ஒரு ட்ரிக்தான். முப்பத்திரண்டாம் சுர உருட்டல் வந்தால், 0ஆவது டிக்கில் ஒன்றும் 12ஆவது டிக்கில் ஒன்றும் இருக்கும். இரண்டாவதை அடுத்த ஸ்டெப்பில் வைத்து 12 முன்னால் இழுங்கள். அடுத்த ஸ்டெப்பிலும் அடி இருந்தால் வேறு தடம் தேட வேண்டும், அல்லது ரீட்ரிக் (ஒரே அடியை வேகமாகத் திரும்ப ஒலிக்கச் செய்வது) பயன்படுத்த வேண்டும்.

மேற்கட்டை

384 கணக்கைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். ஆனால் என் பாடல்களில் 20 பேட் வரை ஓடும். 8 தடத்தில் எப்படி அடைப்பது?

மோனோ_போதும்

சாம்பிள் லாக். ஒரே தடத்தில் ஒவ்வொரு ட்ரிக்குக்கும் வேறு சாம்பிள் கொடுக்கலாம். ஒரே நேரத்தில் ஒலிக்காத இரண்டு சத்தங்கள் ஒரு தடத்தைப் பகிரலாம். கிக்கும் ஸ்நேரும் உங்கள் பாடலில் ஒன்றாக விழுவதில்லை என்றால் அவை ஒரே தடம். மூடிய ஹாட்டும் திறந்த ஹாட்டும் ஒரே தடம், அங்கே ஒன்று மற்றதைத் தானாகவே வெட்டும், எக்ஸ்எல்லில் மியூட் அசைன் செய்த வேலையை இங்கே தனியாகச் செய்ய வேண்டியதில்லை.

வால் நீளமான கிக் இருந்தால் மட்டும் பாருங்கள். ஸ்நேர் வந்து அதன் வாலை வெட்டிவிடும். சில பாடல்களில் அது நன்றாகவே இருக்கும், சிலவற்றில் அடிப்பகுதி காலியாகிவிடும்.

ஸ்டீரியோ லூப்புகளை அனுப்பும் முன் கணினியில் மோனோவாக்கிக் கேளுங்கள். இடமும் வலமும் கூட்டப்படும்போது எதிர்க் கட்டத்தில் இருக்கும் ஒலிகள் ஒன்றையொன்று அழிக்கும். அகலமான கோரஸ் போட்ட கீபோர்டு லூப்புகள் இதில் மெலிந்துவிடும். அப்படிப்பட்டதை இடது பக்கம் மட்டும் எடுத்தால் பல நேரம் கூட்டியதைவிட உடலோடு ஒலிக்கும்.

ஒலித்தடம்

இவ்வளவு வேலைக்குப் பிறகும் அது அதே பாடலாக ஒலிக்காது என்பதுதான் என் வாதம். டிக் சரியாக வந்துவிட்டது, சரி. எக்ஸ்எல்லின் ஃபில்டர், அதன் என்வலப், பிட்ச் இறக்கும்போது வரும் கரகரப்பு? வெலாசிட்டி (அடியின் அழுத்தம்) 90 என்றால் எக்ஸ்எல்லில் வரும் சத்தமும் டிஜிடாக்டில் வரும் சத்தமும் ஒன்றா?

பன்னிரண்டுபிட்

ஒலித்தடம் கேட்பது நியாயம். எஸ்பி-1200 வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

1987இல் ஈமு கொண்டுவந்த அந்தக் கருவி 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ், மொத்தம் 10 விநாடி சாம்பிள் நேரம். இடம் போதாததால் 33 வேக இசைத்தட்டை 45இல் ஓட்டிச் சாம்பிள் எடுத்து, உள்ளே பிட்ச்சை இறக்குவார்கள். 45ஐ 33⅓ஆல் வகுத்தால் 1.35, அதாவது ஐந்து அரைச்சுரத்துக்குக் கொஞ்சம் மேல். எல்லோரும் விரும்பும் அந்தக் கரகரப்பு பெரும்பாலும் சாம்பிளுக்குள் இல்லை. கருவி பிட்ச்சை இறக்கும் முறையில் பிறக்கிறது. நல்ல இடைக்கணிப்பு இல்லாமல் மாதிரிகளைத் திரும்பத் திரும்ப வாசிப்பதால் மேலே கூடுதல் ஒலிகள் எழுகின்றன. ஃபிளாப்பியிலிருந்து சாம்பிளை எண்முறையில் எடுத்து, புதிய கருவியில் அதே அளவு பிட்ச் இறக்கினால் சுத்தமாக, மொழுக்கென்று வரும். பாடல் போய்விட்டது.

ஆகவே எஸ்பியிலிருந்து எதையும் கோப்பாக நகர்த்துவதில்லை. பிட்ச் இறக்கிய நிலையில், அதன் ஃபில்டர் உள்ள அவுட்புட் வழியாக, ஒவ்வொரு சத்தத்தையும் தனி அடியாகப் பதிந்துகொள்கிறேன். பிறகு அந்த அடிகளைப் புதிய கருவியில் பிட்ச் 0இல் வைத்து மறுபடி தொடுக்கிறேன். நிறம் பழைய கருவியுடையது, அடுக்கு இன்னும் மாற்றக்கூடியது. ஸ்டெம்முக்கும் மறுகட்டுமானத்துக்கும் நடுவே இப்படி ஒரு வழி இருக்கிறது, ஒலித்தடம்.

ஒலித்தடம்

இதை ஏற்கிறேன். ஒற்றை அடிகளாகப் பதிந்தால் என்னுடைய எதிர்ப்பில் பாதி போய்விடும். எஃபெக்ட் கூட்டாக ஓடும் இடம் மட்டும் மிச்சம்: கிக் விழும்போது மொத்தக் கலவையையும் அமுக்கும் கம்ப்ரெசர், எல்லாத் தடமும் போய் விழும் ரிவெர்ப். ஒற்றை அடியில் அது அகப்படாது. அதற்கு இரண்டு பதிவு வேண்டும், எஃபெக்டோடு ஒன்று, இல்லாமல் ஒன்று.

பழையவட்டு

வெலாசிட்டிக்கு ஒரு சின்ன வழி. ஸ்நேரை 40, 80, 120 என்று மூன்று வெலாசிட்டியில் எக்ஸ்எல்லில் அடித்துப் பதிந்துகொள்ளுங்கள். எம்பிசி ஒன்னில் ஒரு பேடுக்குக் குறைந்தது 4 லேயர் வைக்கலாம், மூன்றையும் வெலாசிட்டி எல்லையோடு அடுக்கிவிடலாம். டிஜிடாக்டில் சாம்பிள் லாக்கால் ட்ரிக்குக்கு ட்ரிக் மாற்றிவிடலாம். பேய் அடிகள் (மிக மெல்லிய அடிகள்) அதிகம் உள்ள தாளத்துக்கு மட்டும் இதைச் செய்தால் போதும். எல்லாப் பேடுக்கும் செய்யத் தொடங்கினால் பாட்டு எழுத நேரம் இருக்காது.

சிறுபெட்டி

இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். என்னுடையது ரோலண்டின் சாம்ப்ளர் எஸ்பி-404எஸ்எக்ஸ்ஸிலிருந்து 404 எம்கே2வுக்கு மாறும் கதை. ஒரே குடும்பம்தானே, எஸ்டி கார்டை மாற்றிச் செருகினால் போதாதா?

பன்னிரண்டுபிட்

போதாது. எஸ்எக்ஸ் கார்டில் சாம்பிள்கள் வேவ் கோப்பாகவே இருக்கும், பேங்க் எழுத்தும் எண்ணும்தான் பெயர். ஆனால் தொடக்கம், முடிவு, லூப், கேட், ரிவர்ஸ், சத்த அளவு எல்லாம் பேட் தகவலுக்கான தனி பின் (.BIN) கோப்பில். பேட்டர்ன்களும் தனி பின் கோப்புகள். வேவை மட்டும் நகல் எடுத்தால் வெட்டு இல்லாத முழு நீளச் சாம்பிள்தான் கைக்கு வரும். எஸ்எக்ஸ்ஸிலேயே ட்ரங்கேட் செய்து, வேண்டாத பகுதியை உண்மையாகவே வெட்டிவிட்டு நகல் எடுத்தால் அந்தப் பிரச்சினை இல்லை.

கைப்பழக்கம் இன்னொன்று. எஸ்எக்ஸ்ஸில் ஒரு பேங்குக்கு 12 பேட், எம்கே2வில் 16. வரிசையாகக் கொட்டினால் இரண்டாம் பேங்கின் முதல் நான்கு சத்தங்கள் முதல் பேங்குக்குள் ஏறிவிடும். பேங்குக்குப் பேங்க் தனியாக மாற்றி, கடைசி நான்கு பேடைக் காலியாக விடுங்கள்.

எஸ்எக்ஸ் 44.1 கிலோஹெர்ட்ஸ், எம்கே2 48. மாற்றும்போது ஒழுங்காகச் செய்தால் பிட்ச் நகராது. தலைப்பு இல்லாத பச்சைக் கோப்பையோ தவறான வேகம் எழுதிய கோப்பையோ போட்டால் நகரும்: 44.1 கோப்பை 48 என்று படித்தால் ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் மேலே போகும். எம்பிசி 60 வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்கலாம், அது 40 கிலோஹெர்ட்ஸ். அதை 44.1 என்று படித்தால் 1.7 அரைச்சுரம் ஏறும். லூப் ஏதோ சுருதி பிசகி, கொஞ்சம் வேகமாகவும் ஒலித்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

எஃபெக்ட் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன். 404 பாடல்களில் பாதி உயிர் எஃபெக்டில் இருக்கிறது. இரண்டு கருவியிலும் ஒரே பெயரில் எஃபெக்ட் இருந்தாலும் அதே நிறம் வரும் என்று நம்பி இறங்க வேண்டாம். எஸ்எக்ஸ்ஸிலேயே ரீசாம்பிள் செய்து எஃபெக்ட்டோடு சாம்பிளாக்கிவிட்டு, அதைக் கொண்டுபோங்கள்.

சிறுபெட்டி

தெளிவு. ட்ரங்கேட், ரீசாம்பிள், பேங்க் பேங்காக. மிக்க நன்றி.

மேற்கட்டை

எம்பிசி ஒன்னில் முதல் பாடலை மாற்றிப் பார்த்தேன். வேவ் சாம்பிள்களைப் புதிய ப்ரோக்ராமில் கையால் வைத்தேன், பழைய பேட் இடங்களிலேயே. மிடி கோப்பையும் திறந்தேன். தாளத்தின் நடை அச்சாக அப்படியே வந்திருக்கிறது, கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது. ஆனால் சத்தங்கள் இடம் மாறியிருக்கின்றன. கிக் வர வேண்டிய இடத்தில் முதல் பேடின் ரிம் வருகிறது, ரிம் வர வேண்டிய இடத்தில் கிக். நான்காவது பேடின் ஷேக்கர் ஒலிக்கவே இல்லை. எதனால்?

நிழல்தாளம்

பேட் வரைபடம். மிடி கோப்பில் "பேட் ஏ02" என்று எழுதியிருக்காது, நோட் எண் மட்டும்தான். எம்பிசியின் பழைய வழக்கப்படி ஏ01 என்றால் 37, ஏ02 என்றால் 36, ஏ03 என்றால் 42, ஏ04 என்றால் 82. உங்கள் புதிய ப்ரோக்ராம் 36இலிருந்து வரிசையாக ஏறும் வரைபடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அங்கே 36 ஏ01, 37 ஏ02. அதனால்தான் கிக்கும் ரிம்மும் இடம் மாறின.

ஷேக்கரின் 82 எங்கே போனது என்றால், 36இலிருந்து எண்ணிக்கொண்டு போனால் 47ஆவது பேட், அதாவது சி15. அங்கே நீங்கள் எதுவும் வைத்திருக்க மாட்டீர்கள், அதனால் மௌனம். அடி தொலையவில்லை. ப்ரோக்ராமின் பேட் வரைபடத்தைப் பழைய எம்பிசி வரிசைக்கு மாற்றுங்கள், எல்லாம் ஒரே நொடியில் சரியாகும். சாம்பிள்களை இடம் மாற்றத் தொடங்கிவிடாதீர்கள், அடுத்த பாடலிலும் அதே குழப்பம் வரும்.

மேற்கட்டை

மாற்றினேன், சரியாகிவிட்டது. ஷேக்கரும் வந்துவிட்டது!

பழையவட்டு

மகிழ்ச்சி. இந்த வேலையில் ஆழமாக இறங்கும் முன் இன்னொரு விஷயம். எம்பிசி ஒன்னில் இயங்குதளம் 2இல் இருக்கிறீர்களா, 3இலா? 2இல் சேமித்த ப்ராஜெக்ட்டை 3 திறக்கும். 3இல் சேமித்ததை 2 திறக்காது. இரண்டு எம்பிசி வைத்திருப்பவர்களும், நண்பரோடு ப்ராஜெக்ட் பரிமாறுபவர்களும் ஒரே பதிப்பில் இருப்பது முக்கியம். 3க்குப் போகும் முன் பழைய ப்ராஜெக்ட்டுகளின் நகலைத் தனிக் கார்டில் வைத்துவிடுங்கள்.

நகல் எடுக்கும்போது எக்ஸ்பிஜே என்ற ப்ராஜெக்ட் கோப்பு மட்டும் போதாது, அதே பெயரில் உள்ள ப்ராஜெக்ட் டேட்டா கோப்புறையும் கூடவே போக வேண்டும். சாம்பிள்கள் அதற்குள்தான் இருக்கின்றன.

ஆறாம்பேட்

எலெக்ட்ரானின் ஆக்டாட்ராக் சாம்ப்ளர் வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால்: அதில் ஸ்லைஸ் (சாம்பிளைத் துண்டாக்கும் இடங்கள்), ட்ரிம், லூப் தகவல் வேவுக்குப் பக்கத்தில் அதே பெயரில் ஓடி (.ot) என்ற கோப்பில் இருக்கும். வேவை மட்டும் இடம் மாற்றினால் ஸ்லைஸ் எல்லாம் போய்விடும். வேறு கருவிக்கு அனுப்புவதென்றால் ஸ்லைஸ்களைத் தனித்தனி வேவாக வெட்டி அனுப்புவதே பாதுகாப்பு. எம்கே1இலிருந்து எம்கே2வுக்கு என்றால் கவலையில்லை, ப்ராஜெக்ட் கோப்புறை அப்படியே போகும்.

ஒலித்தடம்

மேற்கட்டை, வாசிக்க மட்டும் உள்ள குவியலுக்கு ஸ்டெம் எடுக்கும்போது செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் எக்ஸ்எல்லில் 8 அவுட் பலகை (எட்டுத் தனி வெளியீடுகள்) இருக்கிறதா?

மேற்கட்டை

இல்லை. இடம், வலம் இரண்டு மட்டும்தான்.

ஒலித்தடம்

அப்படியானால் ஒவ்வொரு தடமாகத் தனித்து ஓட்டிப் பதிய வேண்டும். எல்லா ஓட்டத்திலும் கடிகாரம் எக்ஸ்எல்லுடையதாகவே இருக்கட்டும், கணினியிலிருந்து மிடி கிளாக் கொடுக்காதீர்கள். மிடி கிளாக் கால் சுரத்துக்கு 24 துடிப்புதான், அதாவது எக்ஸ்எல்லின் நான்கு டிக்குக்கு ஒன்று. அந்தத் துடிப்பு ஆடினால் ஓட்டத்துக்கு ஓட்டம் அடிகள் கொஞ்சம் கொஞ்சம் நகரும், ஸ்டெம்களை ஒன்றாக வைக்கும்போது நீங்கள் காப்பாற்ற நினைத்த நடையே குழம்பும்.

பாடலுக்கு முன்னால் ஒரு வெற்று பார் சேருங்கள். அதன் முதல் அடியில் கூர்மையான ரிம் ஒன்று, அதற்கென்று தனித் தடத்தில். ஒவ்வொரு ஓட்டத்திலும் அந்தத் தடமும் சேர்ந்து ஒலிக்கட்டும். பிறகு கணினியில் எல்லா ஸ்டெம்மையும் அந்த ரிம்மின் முகப்பை வைத்து வரிசைப்படுத்தி, வரிசை சரியானபின் ரிம்மை வெட்டிவிடலாம். முடிவிலும் ஒரு ரிம் வைத்தால் வழியில் ஏதாவது நழுவியதா என்று உடனே தெரியும்.

பாடல் முடிந்ததும் பதிவை நிறுத்தாமல் வால் அடங்கும் வரை விடுங்கள். கோப்பின் பெயரிலேயே பிபிஎம் எழுதுங்கள், புள்ளிக்குப் பின் உள்ள இலக்கத்தோடு. 92 என்று எழுதிவைத்துப் பாடல் 92.3இல் இருந்தால், நான்கு நிமிடத்தில் முக்கால் விநாடிக்கு மேல் விலகிவிடும்.

மோனோ_போதும்

டிஜிடாக்டில் அந்த ஸ்டெம்களை மேடையில் ஓட்டுவதென்றால் முழு நீளம் வேண்டாம், 11 நிமிடம் என்பது 8 ஸ்டெம்முக்கு ஒன்றரை நிமிடத்துக்கும் கீழ். நான்கு பார் துண்டுகளாக வெட்டி, பேட்டர்னின் முதல் ஸ்டெப்பில் ஒரு ட்ரிக் வைத்து ஓட்டுங்கள். 90 பிபிஎம்மில் நான்கு பார் 10.7 விநாடி. கிக், ஸ்நேர், ஹாட் மட்டும் தனி அடிகளாக இருக்கட்டும், மேடையில் கை வைக்க ஏதாவது வேண்டுமே.

மேற்கட்டை

என் திட்டம் இப்போது இப்படி. பாதியில் நிற்பவை எம்பிசி ஒன்னுக்கு: 8 எழுத்துப் பெயர், வேவ், மிடி, பழைய பேட் வரைபடம், குவாண்டைஸ் தொடாமல். பிட்ச் அதிகம் இறக்கிய சாம்பிள்களும் ஃபில்டர் போட்டவையும் பன்னிரண்டுபிட் சொன்னபடி ஒற்றை அடிகளாகப் பதிந்து. மேடைப் பாடல்கள் டிஜிடாக்டுக்கு: தாளம் மைக்ரோ டைமிங்கோடு கையால், மீதி நான்கு பார் துண்டுகள். நாளை ஹாட்டில் நோட் வேரியேஷன் உள்ள பாடலில் தொடங்குகிறேன், அதுதான் எல்லாவற்றிலும் கடினமானது.

நிழல்தாளம்

அந்தப் பாடலில் ஹாட்டை ஆடியோவாகப் பதியும் முன் ஸ்டெப் எடிட்டில் பாருங்கள். வேரியேஷன் எல்லா அடியிலும் மாறுகிறதா, அல்லது இரண்டு மூன்று மதிப்புகளே திரும்பத் திரும்ப வருகின்றனவா? இரண்டு மூன்றுதான் என்றால் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு ஹாட் சாம்பிள் பதிந்து வேறு வேறு பேடில் வையுங்கள். அப்படியானால் அந்தப் பாடலும் மாற்றக்கூடியதாகவே இருக்கும்.